புஷ்பத்தின் நிரையில் நின்றவளுக்கு

என் அன்புச் சரசு,

முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். புஷ்பத்தின் பெயரைத் தோட்டப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நேற்றுக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் களத்தில், கங்காணி எல்லோருடைய பெயரையும் கூப்பிட்டிருக்கிறார். அவளுடைய பெயரைக் கூப்பிடவில்லை. அங்கே நின்ற இரண்டு பெண்கள் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். பிறகு தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்தேன். பெரிய கிளாக்கர், "ஆமா, வெட்டியாச்சு. ஏன்னு தொரைகிட்டத்தான் கேக்கணும்" என்றார். துரை என்னோடு பேச விரும்பவில்லை என்று அவரே மறுபடி எடுத்துச் சொன்னார்.

நீ இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் ஏசியிருப்பாய். "ஒன்னைய யாருண்ணே இதையெல்லாம் கிண்டச் சொன்னது?" என்று கேட்டிருப்பாய். அவளுடைய பெயர் போய்விடக் கூடாது என்றுதானே நீ அன்றைக்கு வாயைத் திறக்காமல் இறங்கினாய்?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் நீ பதிவுத் தொழிலாளியாகத்தான் இருந்தாய். உன் புருஷன் போன பிறகு, உன் மகள் நிரோஷா உயர்தரம் படிக்க ஹட்டனுக்கு வந்த வருஷம், சேமலாப நிதியை எடுப்பதற்காக வேலையிலிருந்து விலகினாய். அப்போது பலரும் அப்படிச் செய்தார்கள். விலகி, நிதியை எடுத்துக்கொண்டு, சில மாதம் கழித்து மறுபடி பெயர் பதிந்துகொள்ளலாம் என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதுவரைக்கும் அப்படித்தான் நடந்தும் வந்தது. நீ திரும்பிப் போனபோது புதிதாக ஆள் பதிவதை நிறுத்தியிருந்தார்கள். கைக்காசுக்கு வரலாம் என்றார்கள். கைக்காசு என்றால் கொழுந்து இருக்கும் நாளில் கூப்பிடுவார்கள், இல்லாத நாளில் கூப்பிட மாட்டார்கள். காய்ச்சல் வந்தால் அது உன் காய்ச்சல். செத்தால் அது உன் சாவு.

பதிவு போனதும் லயத்து வரிசையில் இருந்த உன் ஒற்றை அறைக் காம்பராவைத் திருப்பிக் கேட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் இருந்த புஷ்பம், தன் வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து உனக்கும் நிரோஷாவுக்கும் இடம் தந்தாள். அவளுக்கும் புருஷன் இல்லை. படுக்கையோடு கிடந்த மாமியார் மட்டும்.

பிறகு புஷ்பம் கொழும்புக்குப் போனாள், ஒரு வீட்டில் சமைப்பதற்கு. தோட்டத்துச் சம்பளத்தில் மாமியாருக்கு மருந்தும் வாங்கி மாதத்தை ஓட்ட முடியவில்லை. ஆனால் பதிவை விட்டுவிட்டுப் போனால் காம்பரா போய்விடும். பதிவில் இருந்தவள் புஷ்பம், வேலை தேவைப்பட்டவள் நீ. நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். அவளுடைய பெயரில் நீ கொழுந்து எடுப்பது. சம்பளம் உனக்கு, பதிவு அவளுக்கு. மாமியாருக்குக் கஞ்சி ஊற்றுவதும் உன் பொறுப்பு.

அந்தக் கிழவி ஒருநாள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "எனக்கு ரெண்டு மருமவ தம்பி. ஒருத்தி காசு அனுப்புறா, ஒருத்தி கஞ்சி ஊத்துறா. ரெண்டு பேருக்கும் உப்பு போடத்தான் தெரியல." நீ அடுப்படியில் இருந்து, "அப்ப மூணாவதா ஒருத்தியப் பாத்துக்க ஆயா" என்று குரல் கொடுத்தாய்.

கங்காணிக்கு எல்லாம் தெரியும். லயத்துக்கே தெரியும். தெரியாதவர், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஒருவர்தான். வேறு தோட்டத்திலிருந்து மாறி வந்தவர், பெயரும் முகமும் இன்னும் சேராதவர். காலையில் "புஷ்பம்" என்று கூப்பிட்டால் நீ "வந்திருக்கேங்க" என்பாய். உன் சொந்தப் பெயரை அந்தக் களத்தில் யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தங்கமணி சொன்னது. உனக்கு அடுத்த தேயிலை நிரையில் நின்றவள் அவள். இரண்டு முறை, வேறு வேறு நாளில் கேட்டேன். இரண்டு முறையும் ஒரே மாதிரித்தான் சொன்னாள்.

மேட்டு மலையின் கீழ் ஓரத் தொங்கல், செடிகளை மட்டமாகக் கவ்வாத்து வெட்டாமல் காடாகிக் கிடந்திருக்கிறது. முன்பு அதற்கென்று தோட்டத்தில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது கொந்தராத்துக்காரர் வந்தால்தான் வெட்டு. அவர் அந்த வருஷம் வரவில்லை. ஓரத்து டர்பன்டைன் மரத்தில் குளவி கூடு கட்டியிருந்ததைப் பெண்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

"கொழுந்து முத்துது, எறங்குங்கன்னாரு கண்டாக்கையா. நாங்க எறங்க மாட்டோம்னுட்டோம்ணே. சங்கத் தலவரக் கூப்பிடுங்க, பேசுவோம்னோம். அவரு ஒவ்வொருத்தி மூஞ்சியாப் பாத்துக்கிட்டே வந்தாரு. கடைசியில நம்ம சரசுக்கா. ஒன் பேரு என்னான்னாரு. புஷ்பம்ங்கன்னா. அப்ப நீ எறங்கு புஷ்பம், இல்லாட்டி ஆபீசுக்கு வந்து என்னா காரணம்னு சொல்லுன்னாரு."

நீ எங்கே வேண்டுமானாலும் போயிருப்பாய், ஆபீசுக்கு மட்டும் போக முடியாது. அங்கே பழைய கிளாக்கருக்கு உன் முகம் தெரியும்.

"இடுப்புப் படங்குச் சாக்க இறுக்கிக் கட்டுனாங்க. நீங்க நில்லுங்கடி, ஓரத்துல ரெண்டு நெரைய எடுத்துட்டு வந்துர்றேன்னாங்க. அக்கா, போகாதன்னேன். ஏன்டி, குளவிக்கு என்னையத் தெரியும், நான் புஷ்பம்னு சொல்லிக்கிறேன்னு சிரிச்சாங்க."

அந்தச் சிரிப்போடு நீ இறங்கினாய். மற்றதை நான் எழுதப் போவதில்லை. படங்கைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு ஓடிவந்து உன்னை இழுத்து எடுத்தவளும் தங்கமணிதான். அவளுடைய கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கொழுந்து லொறியில் உன்னைக் கொண்டு வந்தார்கள். தோட்டத்து மருந்துச் சாலையில் இறக்கும்போதே நீ இல்லை. "யாரு?" என்று கேட்டதற்குக் கங்காணி, "புஷ்பம்" என்றார். அவரை நான் பிறகு பார்த்தேன். பெரட்டுக்களத்து மதிலில் உட்கார்ந்திருந்தார்.

"பழக்கத்துல வாயில வந்துருச்சுங்க. பொய் சொல்லணும்னு சொல்லல. சொன்னதுக்கு அப்புறம், ஐயோ தப்பாச் சொல்லிட்டமேன்னு திருத்தலாம்னா, திருத்துனா அந்தப் புள்ளைக்கும் பேரு போயிருமேன்னு நின்னுட்டேன்."

அவர் மட்டுமா நின்றார்? லயத்தில் எல்லோருக்கும் செத்தது நீ என்று தெரியும். வெள்ளைத் துணி கட்டினார்கள், தப்பு அடித்தார்கள், உன்னைச் சொல்லித்தான் அழுதார்கள். ஆபீசில் மட்டும் செத்தது புஷ்பம். அதை ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. செத்தவளுக்காக வாய் திறந்தால் இருக்கிறவளின் கூரை போகும் என்று மொத்த லயமும் அந்த ஒரு நாள் ஊமையாக இருந்தது. அவர்களைக் குறை சொல்லும்படி நீயே என்னை விட மாட்டாய் என்று தெரியும்.

ஆபீசிலிருந்து, பதிவில் இருந்த நம்பருக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். அது புஷ்பத்தின் சொந்த நம்பர். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

"பருப்பு வெந்துக்கிட்டு இருக்குண்ணே. போன எடுத்தா ஒரு ஐயா, புஷ்பத்தோட சொந்தக்காரங்களாங்குறாரு. ஆமாங்கன்னேன். மனசத் தேத்திக்கங்க, புஷ்பம் குளவி கொட்டித் தவறிட்டாங்கன்னாரு. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணுமே வெளங்கல. அப்புறம்தான் புத்தியில பட்டுச்சு, ஐயோ, அங்க நிக்கிறது சரசுவாச்சேன்னு. சரிங்கன்னு சொல்லி வச்சிட்டேன். வீட்டு நோனாகிட்ட லீவு கேக்கணும். என்னான்னு கேக்க? நான் செத்துட்டேன் நோனா, ஊருக்குப் போகணும்னா?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அடுத்த நாள் காலையில் நடந்ததை நானே பார்த்தேன். பதிவுத் தொழிலாளி இறந்தால் தோட்டம் பெட்டி கொடுக்கும், குழி வெட்டும் ஆட்களுக்கு அன்றைய நாளைச் சம்பளத்தோடு விட்டுக் கொடுக்கும். எந்தத் துரை வந்தாலும் மாறாமல் இருந்த வழக்கம் அது. புஷ்பத்துக்குக் குழி வெட்டவென்று மூன்று பேரைப் பெரட்டில் பிரித்து அனுப்பியிருந்தார்கள். மூன்று பேருமே வயதானவர்கள். வாலிபப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் கட்டடங்களிலும் நிற்கிறார்கள்; ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான்.

அதற்குள் ஆஸ்பத்திரியில் நிரோஷா உன்னை அடையாளம் காட்டிவிட்டாள். மரண விசாரணை அதிகாரி உன் சரியான பெயரை எழுதினார். செய்தி ஆபீசுக்குப் போயிற்று. ஆபீசிலிருந்து மயானத்துக்கு ஆள் வந்தது. குழி இடுப்பளவு வெட்டியிருந்தார்கள்.

வந்தவன் மேட்டில் நின்றபடி, "பதிவுல பேருள்ள ஆளு இல்லையாம். பெட்டியும் இல்லையாம். ஒங்கள மலைக்குத் திரும்பச் சொல்றாங்க" என்றான்.

குழிக்குள் நின்ற முனியாண்டி மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அரைக் குழிய என்னாடா செய்றது? தொரையக் கேட்டுட்டு வா, மூடவா, இல்ல அவரு வந்து படுத்துப் பாக்குறாரான்னு."

அவன் போய்விட்டான். மற்ற இருவரில் ஒருவர் பீடியைப் பற்றவைத்தார், ஒருவர் மண்ணை வாரிக் கொட்டினார். அந்த நாளின் சம்பளம் போய்விட்டது என்று மூவருக்கும் தெரியும். குழியை முழுதாக வெட்டிவிட்டுத்தான் மேலே ஏறினார்கள். பெட்டிக்கு மஸ்கெலியாக் கடைவீதியில் நிஸ்தார் நானா பொறுப்பு நின்றார். "சரசு புள்ள எங்கட கடையிலதானே பத்து வருசமா சாமான் எடுத்த? மத்ததப் பொறவு பாப்பம்" என்றார்.

நிரோஷாவைப் பற்றிக் கேட்பாய். உன் நிதியில் படித்த பிள்ளை கட்டுநாயக்கா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிற்கிறாள் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். அவளைத் தொழிற்சாலை எடுக்கவில்லை, மேன்பவர்காரர் எடுத்தார். அவர் ஒவ்வொரு காலையும் ஆட்களை வேனில் ஏற்றி, ஆள் கேட்ட தொழிற்சாலையில் இறக்கிவிடுவார். உன் காரியங்களை முடித்துவிட்டு அவள் திரும்பிப் போனபோது வேனில் அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளை இருந்தாளாம். "அந்தப் பிள்ளையும் மஸ்கெலியாதான் மாமா. எங்க அம்மா சாவுக்கு வந்துட்டுப் போன பிள்ளைதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அவள் எங்களோடு ஹட்டனில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள். அதிகம் பேசுவதில்லை.

உன் அடக்கம் முடிந்த வாரத்தில் தோட்டத்து ஆபீஸ் தன் விளக்கத்தைத் தொழில் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டது. இறந்தவர் தோட்டத்துத் தொழிலாளி அல்ல. விறகு பொறுக்க மலைக்குள் வந்த வெளியாள். அன்றைக்கு அந்த நிரையில் வேலை செய்தவர் புஷ்பம் என்ற பதிவுத் தொழிலாளி. அவர் உயிரோடு இருக்கிறார்.

கடைசி வாக்கியம் எவ்வளவு சுத்தமான உண்மை பார்த்தாயா?

நீ பிறந்த தோட்டத்தில் உன்னை வெளியாள் என்றதை நான் பல தடவை வாசித்தேன். செய்தி எழுதுகிற தொழிலில் இத்தனை வருஷத்தில் எத்தனையோ மறுப்புகளை வாசித்திருக்கிறேன். நிரோஷா ஒரு தடவைதான் வாசித்தாள். "அம்மா விறகு பொறுக்கத்தான் போனாங்கன்னா, அவங்க கூடையில இருந்த கொழுந்தத் தராசுல யாரு நிறுத்தது?" என்று கேட்டாள். நிறுத்தார்களாம், சரசு. தங்கமணி சொன்னாள். உன் கூடையில் இருந்ததை அன்று மாலை புஷ்பத்தின் பெயரில்தான் நிறுத்திருக்கிறார்கள்.

தொழில் அதிகாரி தோட்டத்துக்கு வந்து பெண்களிடம் விசாரித்தார். நல்ல மனிதர், சிங்களத்தில் கேட்டுத் தமிழில் மறுபடி கேட்டார். தங்கமணியைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும், "நெரையில சரசுக்கா நின்னாங்க" என்று மட்டும் சொன்னாள். யாருடைய பெயரில் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தாள்.

நம் காலத்தில் ஒருத்தி இறங்க மாட்டேன் என்றால் நிரை முழுக்க நின்றது. இப்போதும் நின்றார்களே, நீ பார்த்தாய். ஆனால் அதே நிரையில் பதிவுக்காரி ஒருத்தி, கைக்காசுக்காரி ஒருத்தி, இரவல் பெயரில் ஒருத்தி என்று நிற்கும்போது, "மாட்டேன்" என்ற சொல் எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. கண்டாக்கையா அதை யோசித்துச் செய்தார் என்று நான் எழுத மாட்டேன். அதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அவர் கடைசியாக நின்றவளைக் கேட்டார், அவ்வளவுதான்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் புஷ்பம் வந்தாள். காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இஸ்தோப்பில் நீ படுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நான் போயிச் சொல்லிரப் போறேன்" என்றாள்.

அதன் பலன் என்னவென்று அவளுக்குச் சொன்னேன். பதிவு போகும். காம்பராவைக் கேட்பார்கள். பொய்ப் பெயரில் ஆள் நிறுத்தியதாக அவள் மேலேயே வழக்கு வைக்கலாம். நாலு நாள் யோசித்துவிட்டுச் சொல் என்றேன்.

"யோசிச்சா சொல்ல மாட்டேண்ணே. எனக்கு என்னையத் தெரியும்" என்றாள்.

உள்ளே படுத்திருந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "போயிச் சொல்லிட்டு வாடி. எனக்கு இன்னும் எத்தன நாளைக்குக் கூர வேணும்?" என்றாள். பிறகு, "கஞ்சிய மட்டும் ஊத்திட்டுப் போ" என்றாள்.

அன்று மாலையே புஷ்பம் ஹட்டனுக்கு வந்து தொழில் அலுவலகத்தில் சொன்னாள். அந்த நாளில் தான் கொழும்பில் சமைத்துக்கொண்டிருந்ததையும், தன் நிரையில் தன் பெயருக்கு நின்றது சரஸ்வதி என்பதையும் சொன்னாள். கொழும்பு வீட்டு நோனாவே போனில், ஆமாம், இங்கேதான் இருந்தாள் என்று அதிகாரியிடம் உறுதி சொன்னார். இறங்கி வரும்போது புஷ்பம் படியில் நின்று என்னைக் கேட்டாள்: "இப்ப நான் உயிரோட இருக்கேன்தானே?"

அதற்குப் பிறகுதான் நேற்றைய செய்தி.

நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பெயரை அவள் உனக்காகக் கொடுத்துவிட்டாள். இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதே. இரண்டு பெண்களுக்கு இரண்டு பெயர் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரு பெயரை இரண்டாகக் கிழித்துப் போர்த்திக்கொண்டீர்கள், இரண்டு பேருக்கும் குளிர் போகவில்லை.

தங்கமணியும் இன்னும் நான்கு பெண்களும் இன்று காலை பெரட்டு முடிந்ததும் மலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் நின்றதாகச் செய்தி வந்திருக்கிறது. நான்கு பெண்களா, அதிகமா என்பதை இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை. அவர்களில் இருவர் கைக்காசுக்காரர்கள் என்கிறார்கள். அது உண்மையானால் உனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். பயமாகவும் இருக்கும்.

இனி நடக்க வேண்டியவை இரண்டு. காம்பராவைத் தைப்பொங்கல் வரைக்கும் விட்டுவைப்பதாகக் கிளாக்கர் சொல்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை. உன் மரணம் வேலையில் நடந்த மரணமா என்ற விசாரணை, பொங்கல் கழிந்து வரும் வாரத்தில் ஹட்டனில் எடுக்கப்படும் என்று தொழில் அலுவலகத்தில் சொல்கிறார்கள். தோட்டத்தின் பக்கம் தவணை கேட்கக் கூடும்.

அன்றைக்கு வாசலில் வந்து நின்று உன் பெயரைக் கூப்பிடுவார்கள், சரசு. புஷ்பம் என்றல்ல, சரஸ்வதி என்று. எத்தனை தவணை போனாலும் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் நிரோஷாவை ஒரு பக்கமும் புஷ்பத்தை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு நான் அங்கே இருப்பேன். நீ பெரட்டில் சொல்வது போலவே எழுந்து நின்று பதில் சொல்வேன்.

வந்திருக்கோம்ங்க.

உன் கூடப் பிறந்த அண்ணன்,
ஹட்டனிலிருந்து